புழு தொடாத கனோலா

புழு தின்னாத கனோலா எண்ணெய்வித்துச் செடியை உருவாக்க நஸ்ரின் இரண்டு ஆண்டுகளாகப் பாடுபட்டாள். ஆய்வுக்கூடத்தில் மின்வேலை நடந்ததால், கடைசிச் சோதனைக்காகச் செடியையும் புழுக்களையும் வலைக்கூண்டோடு சிங்கப்பூரின் சுவா சூ காங் வட்டாரத்திலிருந்த தன் வீட்டுக்கே கொண்டுவந்திருந்தாள். புழு இலையைக் கடித்துவிட்டால் திட்டத்தையே மூடிவிடுவார்கள்.

ஞாயிறு மாலை கூண்டைப் பார்த்தவள் துள்ளிக் குதித்தாள். ஓர் இலையில்கூட ஓட்டை இல்லை.

“மாமி, புழு வாயே வைக்கல!”

மாமியார் ஜொஹரா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். “அப்ப நீ பாஸாம்மா?”

“செடி பாஸ் மாமி!”

உடனே மேலதிகாரிக்குப் போன் போட்டாள். “சார், சூப்பர் ரிசல்ட் லா! ரெண்டு நாளாப் பட்டினி கிடக்குதுங்க, அப்பவும் இலையைத் தொடல.”

தனக்காகப் பட்டினி கிடந்த புழுக்கள்மேல் அவளுக்கு முதல்முறையாகப் பாசம் பொங்கியது. பாவம், எவ்வளவு கொழுகொழுவென்று இருக்கின்றன!

மாமிக்கு முகம் சுருங்கிவிட்டது.

“யாரு பட்டினி? வீட்டுக்கு வந்ததை அப்படி விடுவேனா? உன் செடியைக் கடிச்சிடக் கூடாதேன்னு தேக்கா மார்க்கெட் சாய் சிம் கீரையை வேளாவேளைக்குப் போட்டேன். காலையிலகூட நல்லாப் பசியாறிடுச்சுங்க.”

போனில் மேலதிகாரி கேட்டார்: “நஸ்ரின், மாமி என்ன சொல்றாங்க?”