சுற்றாத ஃபேன்

பயிற்சியாளருக்கு நெற்றியில் வேர்வை வழிந்தது. இந்தக் கூட்டத்தோடு மாரடித்தால் வேர்க்காமல் என்ன செய்யும் என்று நினைத்தபடியே துடைத்துக்கொண்டார்.

கூட்டம் என்றால், பள்ளிகளில் தொழில்நுட்பப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள். ஒரு பொருளைக் கழற்றிப் பார்த்து, அது வேலை செய்யும் விதத்தைக் கண்டுபிடித்து, கையால் செய்து காட்டப் பழக வந்தவர்கள். இன்று தேறினால் அவரவர் பள்ளிக்கு ஒரு பட்டறை கிடைக்கும். இல்லாவிட்டால் பழையபடி கரும்பலகையில் படம் போட வேண்டியதுதான்.

காலையில் ஆளுக்கொரு மேஜை ஃபேன் கொடுத்து, "ஓட வைங்க பார்க்கலாம்" என்றார். அதே ரகத்தில் ஒன்றைத் தன் நாற்காலிக்குப் பின்னால் ஓடவிட்டுக்கொண்டார். அவர்களுடையதில், ஃபேனைச் சுற்றவைக்கும் கண்டென்சரை மட்டும் நைசாகக் கழற்றித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

ஃபேன்கள் சுற்றாமல் ஊம் ஊம் என்று முனகின. அந்தக் கண்றாவியைக் காணச் சகிக்காமல்தான் டீ குடிக்கப் போய்விட்டு இப்போது வந்து உட்கார்ந்திருக்கிறார்.

"புக்கை ஒப்பிச்சே காலத்த ஓட்டிட்டீங்க. சுத்தி என்ன இருக்கு, என்ன இல்லன்னு கண்ணைத் தொறந்து பார்க்கறதுதான் முதல் பாடம். அதுவே வரல!"

"இன்னும் கொஞ்சம் டைம் குடுங்க சார்," என்றார் முன்வரிசை ஆசிரியர்.

"சாயங்காலம் வரைக்கும் குடுத்தாலும் அதை முறைச்சுப் பார்த்துட்டுதான் இருப்பீங்க."

எல்லாருக்கும் 'தேறவில்லை' என்று எழுதப் பேனாவைத் திறந்தார். மனிதருக்கு அதில் ஒரு தனி சந்தோஷம்.

அப்போது கடைசி மேஜையில் ஒரு ஃபேன் ஜம்மென்று சுற்றியது. அதன் முன்னால் ஒரு டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

பயிற்சியாளர் எழுந்து ஓடினார். "வெளிய போய் கண்டென்சர் வாங்கிட்டு வந்தீங்களா?"

"வாசலைக்கூடத் தாண்டல சார். இந்த ரூம்ல இருந்ததுதான்."

"ரூம்லயா? எல்லாம் என் பாக்கெட்லதானே இருக்கு!" என்று உளறிவிட்டு, அவசரமாகத் தடவிப் பார்த்தார். ஒன்றுகூடக் குறையவில்லை.

"அப்ப இது எங்கேருந்து வந்தது?"

டீச்சர் அவருடைய நனைந்த சட்டையைப் பார்த்தார்.

"உங்க ஃபேன் நின்னு அரை மணி நேரமாச்சு சார்."