பட்டியல் பெயர்

"இஞ்சை பஸ்கால் எண்டு ஒருத்தரும் இல்லை" என்று சொல்லித் தவமலர் இரண்டு தடவை போனை வைத்துவிட்டாள். பாரிஸ் உணவகச் சமையலறையில் மயங்கி விழுந்தது தன் புருஷன்தான் என்பது மூன்றாவது தடவைதான் அவளுக்கு விளங்கியது.

பாகுபாட்டை ஒழிக்க வந்த சட்டம் அது. வேலைத்தலத்தில் எவரும் அரசாங்கப் பட்டியலில் உள்ள பிரெஞ்சுப் பெயரோடுதான் இருக்கவேண்டும். பதினொரு வருடமாகக் கோப்பை கழுவும் அவள் புருஷன் குகதாசன் அங்கே பஸ்கால். முதலாளி மார்த்தன் மட்டும் மார்த்தனாகவே இருந்தார். அவர் பெயர் முதலிலேயே பட்டியலில் இருந்ததாம். குகதாசன் அந்தப் பெயரை வேலை உடுப்போடு அங்கேயே கழற்றிவிட்டு வருவான். வீட்டில் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை முடிந்து வெகுநேரமாகியும் அவன் கண் திறக்கவில்லை. நெஞ்சில் 'கிளேர்' என்று அட்டை குத்தியிருந்த தாதி யாழ்ப்பாணத்துப் பிள்ளை. குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"இனியும் முழிக்காட்டி ஆபத்து, அன்ரி. தெரிஞ்ச குரல் கேட்டா முழிப்பார். கூப்பிடுங்கோ."

"இஞ்சேருங்கோ" என்றாள் தவமலர். அசைவில்லை.

"பேரைச் சொல்லுங்கோ, அன்ரி."

"இருபத்தாறு வருசத்தில ஒருநாளும் சொன்னதில்லைப் பிள்ளை. சொன்னா ஆயுள் குறையுமாம்."

"இப்ப சொல்லாட்டித்தான் குறையும்."

"குகதாசன்" என்றாள். பிறகு உரக்க, "குகதாசன்!"

வேறு யாரையோ கூப்பிட்டதுபோல அவன் கிடந்தான்.

தவமலர் களைத்துப்போய்க் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"பஸ்கால்."

உடனே கண் திறந்தது. "வந்திட்டன், முதலாளி" என்று பிரெஞ்சில் முனகியபடி, ஊசி குத்தியிருந்த கையால் விரிப்பைத் தடவி அடுத்த கோப்பையைத் தேடினான்.