கூவாத மீன்காரர்

"அத்தான், எல்லாத்தையும் மாத்திப்போட்டு இத மட்டும் விட்டா, புதுச் சாறன் கட்டிப் பழஞ்செருப்புப் போட்ட மாதிரி இரிக்கும்."

ஜெயரூபன் காட்டியது சைலன்சரை. கதிர்காமத்தம்பி குனிந்து பார்த்தார். துருப்பிடித்து, இரண்டு இடத்தில் ஓட்டை விழுந்து, கம்பியால் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

பதினைந்து வருடமாகக் குருக்கள்மடத்தில் மீன் வாங்கிக் கரடியனாறு வரை சுமந்துபோகிற பைக் அது. மீட்டர் மூன்று தரம் பூச்சியத்துக்கு வந்து மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. போன கிழமை வழியில் செயின் அறுந்து, ஐஸ் கரைந்து, ஒரு பெட்டி செப்பலி மீன் நாறிப்போனது. இன்னொரு தரம் அப்படி நடந்தால் தொழிலே கைவிட்டுப் போய்விடும் என்று பயந்துதான் காத்தான்குடியில் றம்ஸீனின் கராஜுக்கு வந்திருந்தார்.

றம்ஸீன் செயின் செட், கிளட்ச் பிளேட், பிரேக் சூ, பின் டயர் எல்லாவற்றையும் மாற்றிவிட்டுக் கையைத் துடைத்தான்.

"தேஞ்ச சாமானெல்லாம் போயிட்டு அண்ணன். இனி நடுவழியில உடாது. ஆனா சைலன்சரயும் மாத்துங்க. நீங்க ஆரையம்பதி தாண்டக்குள்ளயே எனக்கு இஞ்ச காதடைக்குது."

"அக்காவும் இதத்தான் சொல்றா," என்றான் ஜெயரூபன்.

மனைவியின் தம்பி இப்படி அக்கறையாகப் பேசுவது கதிர்காமத்தம்பிக்குப் புதிது. கட்டாரிலிருந்து வந்து நாலு மாதமாகச் சும்மா இருக்கிறான். போன மாதம் தொழில் பழக்குவோம் என்று பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார். இரண்டு நாள் பின்னால் உட்கார்ந்து வந்தான். மூன்றாம் நாள், "ரோட்டில நிண்டு மீன் மீன் எண்டு கூவ எனக்கு வெக்கம்" என்று சொல்லிவிட்டான்.

"நான் எப்பயாவது கூவினனா?" என்று அப்போது கேட்டார் கதிர்காமத்தம்பி. அதில் அவருக்குத் தனிப் பெருமை. மற்ற வியாபாரிகள் தொண்டை கிழியக் கத்துவார்கள். இவர் கரடியனாற்றில் வாகை மரத்தடியில் போய் நின்றால் போதும், பெண்கள் சட்டியோடு வந்து நிற்பார்கள். "மீன் நல்லமெண்டா சனம் தானா வரும்" என்பார்.

"நீங்க பேரெடுத்த ஆள் அத்தான். உங்களுக்கு வருவாங்க. என்னை ஆருக்குத் தெரியும்?" என்றான் ஜெயரூபன். அந்தப் பேச்சில் மனுசன் குளிர்ந்துபோனார்.

இப்போதும் அவன்தான் ஓடி ஓடி உதவினான். பிளேன்டீ வாங்கி வந்தான், ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தான். புதுச் சைலன்சர் பூட்டியானதும், கழித்த சாமான்களை எல்லாம் ஓர் உரப்பையில் அள்ளினான்.

"நீங்க போங்க அத்தான். இதுகள நான் பழைய இரும்புக்குப் போட்டுட்டு வாறன். என்ட பைக்கயும் றம்ஸீனிட்டக் காட்டோணும்."

அவனும் அதே ரகத்தில் ஒரு பழைய பைக்கை அண்மையில்தான் வாங்கியிருந்தான். நல்ல பிள்ளை, இவனைப் போய்ச் சோம்பேறி என்று நினைத்தோமே என்று கதிர்காமத்தம்பிக்கு மனம் இளகியது.

மறுநாள் காலை பைக் பூனை மாதிரிப் போனது. குலுக்கல் இல்லை, இழுவை இல்லை. வழக்கத்தைவிடக் கால் மணி முந்தியே வாகை மரத்தடிக்கு வந்துவிட்டார். பெட்டியில் ஓரா, மணலை மீன்கள் இன்னும் கண் மங்காமல் கிடந்தன.

ஒருவரும் வரவில்லை.

ஐந்து நிமிடம் போனது, பத்து நிமிடம் போனது. வேலிகளுக்கு அப்பால் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது, தேங்காய் திருவுகிற சத்தம் கேட்டது. வெயில் ஏறியது. பெட்டிக்குள் ஐஸ் தண்ணீராகத் தொடங்கியது. ஊர் முழுக்க ஒரே நாளில் மீனை வெறுத்துவிட்டதா?

வேறு வழியில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"மீன்..."

அது அவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

ஆனால் அதிசயம், கொஞ்ச நேரத்தில் படலைகள் திறந்தன. எதிர்வீட்டுக் கண்ணகை சட்டியோடு வந்தாள். பின்னால் நாலைந்து பேர் வந்தார்கள். கதிர்காமத்தம்பி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பெட்டி மூடியைத் திறந்தார்.

"வாங்க புள்ளையள், இண்டைக்கு மணலை எழும்பி நீந்தும்."

கண்ணகை அவரை அதிசயமாகப் பார்த்தாள். கையில் சட்டி, பார்வை ரோட்டின் வளைவில்.

"என்ன மாமா, நீங்க இஞ்ச நிக்கிறீங்க? உங்கட பைக் சத்தம் அங்க பாலத்தடியில கேக்குது?"

"என்ட சத்தமா?"

"ஓம் மாமா. இத்தன வருசமா அந்தச் சத்தத்தக் கேட்டுத்தானே நாங்க சட்டியத் தூக்கிற?"

அவருக்கும் இப்போது கேட்டது. தடதடவென்று, நடுவில் இரண்டு தரம் விக்கி, மறுபடி தடதடவென்று, அசல் அவருடைய சத்தம்தான். வளைவில் திரும்பிய பைக்கின் பின்னால் புத்தம் புது ஐஸ் பெட்டி இருந்தது. அடியில், கம்பியால் கட்டிய அந்த ஓட்டைச் சைலன்சர் புகை கக்கியது.

ஜெயரூபன் பைக்கை நிறுத்திவிட்டு, மிகவும் பணிவாகச் சொன்னான்:

"எனக்குக் கூவ வெக்கமெண்டு அண்டைக்கே சொன்னன்தானே, அத்தான்."