அதே அறை

"ரெண்டு டூருக்கும் அதே ரூம்தான் வேணும். மாத்தவே கூடாது" என்றார் அப்பா. பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாவும் தலையாட்டினார். ஏழு வயது மகள் அந்த நேரம் பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த டிராவல் ஏஜென்ட்டுக்கு அலுவலகத்தில் 'கேப்டன்' என்று பட்டப்பெயர். கரையில் கட்டிய படகில் ஏறினாலே அவருக்குத் தலை சுற்றும் என்பது வேறு விஷயம். வாயாலேயே உலகம் சுற்றிக் காட்டுகிற ஆசாமி.

"ஒரே கப்பல்ல அடுத்தடுத்து ரெண்டு டூர்! கொடுத்து வெச்ச குடும்பம் சார்."

இருவரும் சிரிக்கவில்லை. பல் டாக்டர் ஊசி போட்டு அனுப்பிய மாதிரி இரண்டு முகங்களும் மரத்துப்போயிருந்தன. கேப்டன் அதைப் பயணக் கவலை என்று எடுத்துக்கொண்டார்.

"கப்பல் ஒண்ணுதான். ஆனா சட்டப்படி இது ரெண்டு தனித்தனிப் பயணம். ரெண்டு டிக்கெட், ரெண்டு இன்ஷூரன்ஸ். முதல் டூர் முடிஞ்சதும் எல்லாரும் கப்பலை விட்டு இறங்கியே ஆகணும். கப்பல் காலின்னு அதிகாரிங்க சொன்ன பிறகுதான் மறுபடி ஏத்துவாங்க. விசாவும் அதுக்குத் தகுந்த மாதிரி இருக்கணும்."

"இறங்கிட்டு எவ்வளவு நேரம் வெளியே நிக்கணும்?" என்று கேட்டார் அம்மா.

"ஒரு காபி குடிக்கிற நேரம்தான்மா."

"போதும்" என்றார் அம்மா.

கேப்டன் கம்ப்யூட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "முதல் டூருக்கு நீங்க கேட்ட ரூம் அடுத்த டூருக்கு வேற யாருக்கோ போயிடுச்சு. எதிர் ரூம் தர்றேன், இதைவிடப் பெருசு. பையைத் தூக்கிட்டு நாலு எட்டு வெச்சா…"

"வேண்டாம் சார். இடம் மாறினா அவளுக்குத் தூக்கம் வராது. சரியா சாப்பிட மாட்டா. நகத்தைக் கடிச்சு ரத்தம் வர வெச்சுக்குவா." அப்பா மேஜையைப் பார்த்தே பேசினார். "அவ பொம்மைங்க வெச்ச இடத்துலயே இருக்கணும். அவ்வளவுதான் எங்களுக்கு வேணும்."

கேப்டனுக்கு மனசு இளகிவிட்டது. கப்பல் கம்பெனிக்குப் போன் போட்டு, கெஞ்சி, கோபப்பட்டு, மறுபடியும் கெஞ்சினார். கடைசியில் போனைக் கையால் மூடிக்கொண்டு திரும்பினார்.

"ரெண்டு டூருக்கும் சேர்த்துக் காலியா ஒரே ஒரு ரூம் இருக்காம். கீழ்த்தளம். ஜன்னல் கிடையாது. எஞ்சின் சத்தம் வேற கேக்கும்."

"அதுவே போதும்" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

கேப்டனுக்குப் பொறாமையாகவே இருந்தது. அவர் வீட்டில் மின்விசிறியை எத்தனையில் வைப்பது என்பதற்கே தினமும் பஞ்சாயத்து நடக்கும்.

"குழந்தைக்காகச் சம்மதக் கடிதம் ஏதாவது எழுதணுமா?" என்று கேட்டார் அப்பா.

"அது பெத்தவங்கள்ல ஒருத்தர் மட்டும் கூட்டிட்டுப் போனாத்தான் சார்."

"சரி. ஆளுக்கு ஒண்ணு எழுதிடறோம்" என்றார் அம்மா.

இதென்ன இவ்வளவு முன்ஜாக்கிரதை என்று கேப்டன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். கீபோர்டை இழுத்து வைத்துக்கொண்டு கையை நீட்டினார்.

"மூணு பாஸ்போர்ட்டையும் கொடுங்க. அன்னிக்கு மூணு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டு இறங்குங்க, காபி குடிங்க, அப்படியே ஏறிடுங்க."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மாதான் பாஸ்போர்ட்களை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"முதல் டூருக்கு அவர் பேரும் குழந்தை பேரும் போடுங்க. ரெண்டாவதுக்கு என் பேரும் குழந்தை பேரும்."

கேப்டனின் விரல்கள் அப்படியே நின்றன. "புரியலையேம்மா…"

"எங்களுக்கு விவாகரத்து ஆயிடுச்சு. லீவுல பாதி அவருக்கு, பாதி எனக்குன்னு கோர்ட்ல சொல்லியிருக்காங்க. எப்பவும் அவதான் அங்கேயும் இங்கேயும் மாறிட்டு இருப்பா." அம்மாவின் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"இந்தத் தடவை நாங்க மாறிக்கிறோம்."