இளஞ்சூடு

எல்லம்மா இப்போது அந்தப் பையனிடம் இருக்கிறாள்.

காட்டாங்குளத்தூர் காலேஜில், மூன்றாவது மாடியில், கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பெட்டிக்குள்.

கேஸ் சிலிண்டரைச் சாய்த்து, அடி விளிம்பில் உருட்டிக்கொண்டு நான் உள்ளே போனபோது அவன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் லேசில் எடுக்க மாட்டான். தாலி கட்டின நான்கூட அவளை அப்படிப் பார்த்ததில்லை.



பேர் ஜெயகிருஷ்ணன். ஆராய்ச்சிப் படிப்பு. எல்லம்மாவின் மார்பிலிருந்து அறுத்தெடுத்த புற்றுக் கட்டியில் ஒரு துண்டை ஐஸ் பெட்டியில் வைத்துத் தூக்கிப்போனவன் இவன்தான். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் வழிமறித்து, எங்கே தம்பி கொண்டு போறே என்று கேட்டேன். காலேஜ் பேரைச் சொல்லிவிட்டு ஓடினான்.

என் முகம் அவனுக்கு நினைவில்லை. லோடு ஆள் முகத்தை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்? அவள் இருக்கிற டப்பாவின் மேலும் பேர் இல்லை. வெறும் நம்பர்தான்.

இந்தக் காலேஜுக்கு கேஸ் இறக்குவது என்னோடு லோடு ஏற்றுகிற ஜெபராஜ் வேலை. என் படப்பை லைனை அவனுக்குக் கொடுத்துவிட்டு இதைக் கெஞ்சி வாங்கினேன். மூணு மாடி ஏர்ற வேலையை எவனாச்சும் கேட்டு வாங்குவானா, உனக்கு இன்னா பைத்தியமா என்று சிரித்தான்.

சிலிண்டரை மாட்டி ஸ்பேனரால் முறுக்கினேன். இது அடுப்பு கேஸ் இல்லை; பெட்டிக்குள் போகிற இந்த கேஸ் நின்றால் உள்ளே இருப்பது செத்துப்போகும். ஒவ்வொரு தடவையும் முறுக்கும்போது, லூசாக விட்டுவிடலாமா என்று தோன்றும். இவனிடம் இருப்பதைவிட இல்லாமலே போகட்டும்.

"அதுல இன்னாதான் கீது தம்பி? கண்ணை எடுக்க மாட்டேங்கிற?"

கேட்டதும் அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"ஒவ்வொரு செல்லுக்கும் வெளியில காது மாதிரி ஒண்ணு இருக்குண்ணா. 'வளரு'ன்னு சிக்னல் வந்தா வளரும், சிக்னல் நின்னா நின்னுடும். இதுல அந்தக் காதைச் செய்யிற ஜீன் ரெண்டு இருக்க வேண்டிய இடத்துல இருபது இருக்கு. காதே காது! ஓயாம வளருது. அப்புறம் இடத்தை விட்டும் கிளம்பிடுது. எலும்புக்கு, நுரையீரலுக்கு..."

நான் கூப்பிட்டால் மட்டும் எல்லம்மாவுக்குக் காது கேட்காது. மூன்று தடவை கத்தினால்தான், இன்னாய்யா என்று அடுப்பங்கரையிலிருந்து வருவாள். உள்ளே இத்தனை காதை வைத்துக்கொண்டு.

இத்தனை வருஷம் கூட இருந்த எனக்குத் தெரியாதது இவனுக்குத் தெரிகிறது. அதுதான் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகூட வருகிறான். ரோஸ் கலரில் ஏதோ தண்ணீர் ஊற்றுகிறான், அதுதான் சாப்பாடாம். ஊற்றும் முன் பாட்டிலை உள்ளங்கைக்குள் வைத்துச் சூடேற்றுகிறான். சித்திரை வெயிலிலும் வெந்நீரில் குளிக்கிறவள் அவள். இவனுக்கு யார் சொன்னது?

"இன்னைக்கு மருந்து போடறேண்ணா. அந்தக் காதை அடைக்கிற மருந்து. வேலை செஞ்சா வியாழக்கிழமைக்குள்ள எல்லாம் செத்துடும்."

"எல்லாமேவா?"

"செத்தாத்தான் நல்லது. இதே மாதிரி கட்டி வர்றவங்க நாளைக்குப் பொழைப்பாங்க."

"கொஞ்சம் மிச்சம் வெக்க மாட்டியா?"

"உறைய வெச்சுப் பார்த்தேண்ணா. குளிர் தாங்கல. இருக்கிறது இவ்வளவுதான்."

என்னிடம் இருந்த அவள் சாம்பலைப் போன ஆடியிலேயே கோவளம் கடலில் கரைத்துவிட்டேன். அந்தச் சட்டியையும் சேர்த்துத்தான்.

ஸ்பேனர் இன்னும் என் கையில்தான் இருந்தது.

அவன் ஃப்ரிட்ஜைத் திறந்து மருந்தை எடுத்தான். சின்ன பாட்டில். வெளியே முத்து முத்தாக வேர்த்திருந்தது. இன்றைக்கு என்ன அவசரமோ, கைக்குள் வைக்காமலே மூடியைத் திருகினான்.

"ஜில்லுனு ஊத்தாதே தம்பி. அவளுக்கு ஆகாது."

அவன் கை நின்றது.

திரும்பிப் பார்த்தான். இத்தனை நாளில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். ஆபரேஷன் வாசலில் வழிமறித்தவன் அவனுக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

மூடியைத் திரும்பவும் போட்டு, பாட்டிலை என்னிடம் நீட்டினான்.

ஸ்பேனரைத் தரையில் வைத்தேன். பாட்டிலை இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டேன்.

சூடேற நேரம் பிடித்தது. நான் அவசரப்படவில்லை.