இருநூறு மணி நேரம்

"மேசைமேல வெச்சிருந்தீங்களே, அந்தப் பழைய ஹெட்போனையே குடுங்க தவுக்கே. புதுசு வேணாம்" என்றார் சியா.

தவுக்கே, அதாவது ஆடியோ கடை முதலாளி பூன் டெக், மனசுக்குள் சிரித்துக்கொண்டார். சாப்பாட்டுக் கடையில் கோப்பி கலக்குகிற மனுஷன், ஊரார் தலையிலெல்லாம் ஏறி இறங்கிய, கேட்டுப் பார்க்க வைத்திருக்கிற செட்டைப் பாதி விலைக்குத் தட்டிக்கொண்டு போகப் பார்க்கிறார். சனிக்கிழமை ஆனால் இப்படி ஒருவராவது அவர் கடைக்கு வந்துவிடுவார்.

சியாவின் மகள் ஷின் யீ அந்த ஹெட்போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. பதினெட்டு வயது. போன மாதக் கச்சேரியில் தான் தனியாக வாசித்த எர்ஹு என்ற சீன இருநரம்பு வாத்தியத்தின் ஒலிப்பதிவைக் கொண்டுவந்து, அதையே திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள்.

"நீ இழுத்த ரெண்டு நரம்பை நீயே கேக்க இத்தனை பெரிய ஆம்ப்ளிஃபையரா?" என்று பூன் டெக் சீண்டினார்.

"வாசிக்கிறப்ப வில்லையும் விரலையும் கவனிக்கவே சரியாப் போயிடும் அங்கிள். போன்ல போட்டா தகர டப்பா மாதிரி இருக்கு. எதிர்ல உக்காந்தவங்க கேட்ட மாதிரி ஒரு தடவையாவது நான் கேக்கணும்."

முதல் ஆம்ப்ளிஃபையரில், இடது பக்கம் கொஞ்சம் கம்மியாக இருக்கிறது என்றாள். மலிவு விலைப் பெட்டிகளில் ஒலிக் குமிழைத் தாழ்த்தி வைத்தால் ஒரு பக்கம் சுணங்குவது உண்டுதான். பூன் டெக் அடுத்ததை மாட்டினார். அதிலும் கம்மி. வயரை மாற்றினார், மூன்றாவதாகக் கடையிலேயே கனமான பெட்டியைத் தூக்கி வைத்தார்.

"இதுல நல்லா இருக்கு அங்கிள். இடது பக்கம் அப்படியேதான் இருக்கு, பரவால்ல."

பரவாயில்லை என்பது அவருக்குப் பிடிக்காத வார்த்தை. தானே ஒரு தடவை மாட்டிக் கேட்டிருக்கலாம். முப்பது வருஷ அனுபவம் அதற்கு எங்கே இடம் கொடுத்தது?

"கோளாறு ஹெட்போன்லதான். தேய்ஞ்சு போச்சு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, புதுப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். "இதை எடுத்துக்கோ. ஆனா கொண்டுபோன உடனே கேக்கக் கூடாது. இருநூறு மணி நேரம் பாட்டை ஓட விட்டுட்டு ஒதுங்கிடணும். அப்பத்தான் சத்தம் பக்குவமாகும். முதல் ஹெட்போன்லயே அவசரப்பட்டவங்க எத்தனை பேர் இங்க வந்து மூக்கால அழுதிருக்காங்க தெரியுமா?"

"அதான் பழசைக் கேக்கறேன்" என்றார் சியா. "ஓடினாத்தான் பக்குவமாகும்னு நீங்கதானே சொல்றீங்க, அது ஏற்கெனவே ஓடினதுதானே? முழு விலையும் வாங்கிக்குங்க. ஆம்ப்ளிஃபையரோட இப்பவே கட்டிக் குடுங்க."

பூன் டெக்குக்குக் கோபமே வந்துவிட்டது. "பழுதான சரக்கைத் தலையில கட்டுறவன் நான் இல்ல அண்ணே! எட்டு நாள், ஒம்பது நாள். அதுகூடப் பொறுக்க முடியாதா?"

சியா சுவரில் அடுக்கியிருந்த பெட்டிகளின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்பாவிடம் பேசிப் பயனில்லை என்று பூன் டெக் மகளிடம் திரும்பினார். "நீயாவது எடுத்துச் சொல்லும்மா. சின்னப் பொண்ணு, காலம் பூரா கேக்கப் போறே. இப்ப என்ன தலைபோற அவசரம்?"

ஷின் யீ ஹெட்போனை மெதுவாகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"கோளாறு என் காதுலதான், ரெண்டு பக்கமும் கட்டி. திங்கட்கிழமை ஆபரேஷன். அதுக்கப்புறம் எனக்குக் காது கேக்காது, அங்கிள்."