நாலாவது ரசிகர்

“பாட்டை மட்டும் நிறுத்திராதே விமல். நிறுத்தினா மூணு பேரும் காலி.”

சில்வஸ்டரின் குரல் அவருக்கே கேட்கவில்லை. சேரம்பாடி எஸ்டேட் கிளப் ஜன்னலுக்கு வெளியே, பலாமரத்தடியில், ஒற்றைக் கொம்பன் நின்றிருந்தது. போன வாரம் ரேஷன் கடைச் சுவரைத் தள்ளிவிட்டு அரிசி தின்ற அதே யானை.

எஸ்டேட் ஆபீஸ் கிளார்க் சில்வஸ்டர், பள்ளிக்கூடத்து தபித்தாள் டீச்சர், ஃபேக்டரி எலக்ட்ரீஷியன் விமல் மூவரும் ஞாயிறு மூன்று மணிக்கு இங்கே கூடி, எழுபதுகளில் வந்த ஒரே ஒரு இங்கிலீஷ் ராக் பாட்டைக் கேட்பார்கள். பிறகு அதற்கு என்ன அர்த்தம் என்று சண்டை போடுவார்கள். பதினோரு வருடமாக ஒரு முடிவையும் எட்டவில்லை.

இன்று வாசல் கேட்டில் கட்டிய பேட்டரி ஸ்பீக்கரை அலறவிட்ட இரண்டாவது நிமிடம், மரத்துக்குப் பின்னாலிருந்து கொம்பன் வெளியே வந்தது.

பாட்டு ஓடினால் அசையாமல் நிற்கிறது. முடிந்து மறுபடி தொடங்கும் நாலு விநாடி மௌனத்தில் ஹாலை நோக்கி விறுவிறுவென்று வருகிறது. பாட்டு வந்ததும் பழைய இடத்துக்கே பின்வாங்குகிறது. எட்டுத் தடவை போட்டாயிற்று. வனத்துறை வாட்ச்சர் கதிருக்குப் போன் செய்து முக்கால் மணி நேரம் ஆகிறது. கதவோ தகரம்.

“அப்படி என்னதான் புடிச்சுதோ இதுக்கு?” என்றார் டீச்சர், மேஜைக்கு அடியிலிருந்து.

“ட்ரம்ஸ்தானுங்க டீச்சர். நெஞ்சு அடிக்கிற மாதிரியே இருக்குதில்ல?” என்றான் விமல்.

“ட்ரம்ஸ் இல்லப்பா, அர்த்தம். நடுக்கடல்ல விளக்குக்குக் காவல் இருக்கறவன் ஒண்டியா ஜெபம் பண்றான். ஒண்டியா திரியறதுக்கு அது புரியாதா?”

“ஜெபமுங்களா? காதல் தோல்விங்க அது. அவ படகு வரல.”

“ஓடிப்போனவள நெனச்சுப் பாடினா, ஒரு யானை இவ்வளவு நேரம் நின்னு கேக்குமா?”

இருட்டுக்குப் பயந்தவன் பாடுகிற பாட்டு என்பது சில்வஸ்டரின் கட்சி. இன்றைக்கு அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

கிதார் வீறிட்டது. கொம்பன் காதை விரித்து விசிறியது.

“பாருங்கண்ணே, தாளம் போடுது.”

சேரம்பாடி யானைகளுக்கு ராக் ஞானம் உண்டா என்று யாரும் இதுவரை கணக்கெடுத்ததில்லை. எடுக்க வந்திருந்தால் சில்வஸ்டர் அந்த நிமிடமே சாட்சிக் கையெழுத்துப் போட்டிருப்பார்.

“அண்ணே, போன்ல சார்ஜ் ஒரு பர்சென்ட்தான் இருக்குது. கரண்டும் இல்ல.”

“உனக்குப் பாட வருமா?”

“உங்களுக்குங்களா?”

“சர்ச் கொயர்ல பாடியிருக்கேன். கல்யாணத்துக்கு முன்னாடி.”

சில்வஸ்டர் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

போன் அணைந்தது. நடுவரியில் பாட்டு நின்றது.

கொம்பன் தலையைத் தூக்கியது. இந்தத் தடவை நடக்கவில்லை, ஓடி வந்தது. தரை அதிர்ந்தது. கேரம் போர்டு காய்கள் தாமாக உருண்டன. “கர்த்தரே” என்றார் டீச்சர். நாலு மணிக்குச் சர்ச்சுக்கு வரச் சொன்ன மனைவி ரோஸ்மேரியின் முகம் சில்வஸ்டருக்கு ஞாபகம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

ஜன்னலை அடைத்துக்கொண்டு ஏதோ பெரிதாகக் கடந்து போனது. பிறகு சத்தமே இல்லை.

தகரக் கதவு தட்டப்பட்டது. வியர்த்து ஒழுக, கதிர் நின்றிருந்தான்.

“ஏனுங்க, எதிர் மேட்டுல நின்னுட்டு அரை மணி நேரமா, பாட்டை நிறுத்துங்க, நிறுத்துங்கன்னு கத்தறனே, காதுல விழலீங்களா? சுத்தியும் வேலிங்க, வெளிய போக இருக்கறதே உங்க ஹாலை ஒட்டின இந்த ஒத்தக் கேட்டு. அதுலயே ஸ்பீக்கரைக் கட்டி அலறவிட்டா, பலாப்பழம் திங்க வந்த ஜீவன் எப்படிங்க ஊடு போய்ச் சேரும்? பாவம், பயத்துல ஒரு மணி நேரமா நடுங்கிட்டு நின்னுச்சுங்க.”